தொண்டை கட்டின ஆம்ப்

பல்செட்டு அக்காவுக்குக் கோபம் வந்தால் காது மடல் சிவந்துவிடும். லேபில் அவளோடு வேலை பார்ப்பவர்கள் காலையில் வணக்கம் சொல்வதற்கு முன் அவள் காதைத்தான் பார்ப்பார்கள். மடல் வெளுத்திருந்தால் இரண்டு வார்த்தை பேசலாம். சிவந்திருந்தால் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போவது உடம்புக்கு நல்லது. பெரும்பாலான நாட்களில் சிவந்துதான் இருக்கும்.

பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சுகளை அந்த லேபுக்கு அனுப்புவார்கள். அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் வார்த்து, பாலிஷ் போட்டுத் திருப்பி அனுப்புவது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே வேலை, அதே ஜன்னலோர மேஜை. பல்லைத் திரையில் வரைந்து பார்ப்பதற்காக லேபில் கம்ப்யூட்டர் வாங்கியபோது மற்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே கற்றும் கொண்டாள். "இதென்ன பெரிய வித்தையா?" என்று முதலாளியிடம் கேட்டாள். அவர் அவள் காதைப் பார்த்தார், நகர்ந்துவிட்டார்.

அவள் கிட்டார் வாசிப்பவள் என்பது லேபில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேருக்கு நம்பிக்கை வரவில்லை. இந்தச் சிடுமூஞ்சிக்கும் சங்கீதத்துக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு என்று பேசிக்கொள்வார்கள். ஆனால் சின்ன வயதில் அவள் ஹோட்டல்களில் நடனக் கச்சேரி வாசித்தவள். அவள் கிட்டார், அவள் தம்பி கீபோர்டு, ஒரு டிரம்காரர், முன்னால் நின்று பாட ஒரு தோழி. தம்பியை வீட்டில் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுக்கு மீசை நரைத்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

அந்தக் காலத்தில்தான் ஆம்ப் வந்தது. ஒரு நடன அரங்கை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு அக்காவும் தம்பியும் போனார்கள். மேடைக்குப் பின்னால் தூசி மூடிக் கிடந்தது, கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர். இரும்பு அலமாரி கனம். "தூக்க முடிஞ்சா எடுத்துட்டுப் போங்க" என்றார் அரங்கு மேனேஜர். இரண்டு பேரும் மூச்சு வாங்க அதை மாடிப்படியில் இறக்கினார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து சுவிட்சைப் போட்டதும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பின்பக்கத்தில் பல்பு போன்ற வால்வுகள் மெல்ல மெல்ல அடுப்புத் தணல்போல் கனன்றன. சூடான தூசியின் வாசனை வந்தது. அதன் பிறகுதான் சத்தம் வந்தது.

ஒருமுறை கச்சேரிக்குப் போகும் வழியில் வேனுக்குள் மைக் ஸ்டாண்டின் கால் ஒன்று ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் குத்திக் கிழித்துவிட்டது. அவள் லேபிலிருந்து ஈறு கட்டும் அக்ரிலிக்கைக் கொஞ்சம் கொண்டுவந்து, மெல்லிய தோலாகப் பூசிக் கிழிசலை ஒட்டினாள். காய்ந்ததும் வாசித்துப் பார்த்தால், தடித்த கம்பிகளைத் தட்டும்போது சத்தம் கரகரவென்று தொண்டை கட்டின மாதிரி வந்தது. முதலில் அவள் அதைப் பிய்த்தெடுக்கப் போனாள். பாட்டுக்காரத் தோழிதான், "இதை மாத்தாதடி, இது ஆள் பேசற மாதிரி இருக்கு" என்றாள். கேட்டவர்கள் எல்லோரும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தக் கரகரப்பு அவளுடைய கையெழுத்து மாதிரி ஆகிவிட்டது.

கச்சேரிக் குழு, எல்லாக் குழுக்களும் கலைவது போலத்தான் கலைந்தது. டிரம்காரர் வேலை கிடைத்துப் போனார். பாட்டுக்காரி கல்யாணமாகி வேறு ஊர் போனாள். சின்னவன் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் ஒலிப்பதிவு அறை ஒன்று போட்டான். சுவரெல்லாம் பஞ்சு, தரையெல்லாம் ஒயர், கீழேயிருந்து ரப்பர் வாடை. விளம்பரப் பாட்டு, பள்ளிக்கூட விழாப் பாட்டு, எவனாவது காதலிக்குப் பரிசு கொடுக்கப் பதிவு செய்யும் பாட்டு, எது வந்தாலும் செய்வான். கிட்டார் வேண்டுமென்றால் அக்காவைக் கூப்பிடுவான். அவன் வேனில் ஆம்ப் போகும், பின்னாலேயே அவள் போவாள். வாசித்துக் கொடுத்துவிட்டு, அவன் மைக் வைத்திருக்கும் லட்சணத்தைக் கரித்துக் கொட்டிவிட்டு வருவாள். அவனும் சும்மா இருக்க மாட்டான். "உன் வாயை ரெக்கார்ட் பண்ணா இன்னும் நல்லா விக்கும்" என்பான். அக்கா தம்பிக்குள் பாசம் என்று ஒன்று இருந்தால், அது அந்த ஏச்சும் பேச்சும்தான்.

ஒரு சனிக்கிழமை அவன் வந்து, "ஆம்ப் மட்டும் வேணும், நீ வர வேண்டாம்" என்றான்.

"யாரு வாசிக்கறா?"

"ஒரு வெளியூர் ஆளு. அவன்கிட்ட கிட்டார் இருக்கு, ஆம்ப் இல்ல. நாளைக்கே கொண்டாந்து போட்டுடறேன்."

சொன்னபடி மறுநாளே கொண்டுவந்து போட்டான். அவள் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். குமிழ்கள் எல்லாம் அவள் திருப்பி வைத்திருந்த இடத்தில் அப்படியே, மயிரிழை பிசகாமல் இருந்தன. அதுதான் அவளுக்கு உறுத்தியது. சின்னவன் செருப்பைக்கூட ஜோடியாக விடாதவன். வெளியூர் ஆள் வாசித்திருந்தால் குமிழைத் தொடாமலா இருந்திருப்பான்? கணவரிடம் சொன்னாள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவர், பகலெல்லாம் பயந்து பயந்து பிரேக்கில் கால் வைத்தே பழகியவர். "பத்திரமாத் திரும்பி வந்துச்சேன்னு சந்தோஷப்படு" என்றார்.

அதன் பிறகு சின்னவனிடமிருந்து அழைப்பு குறைந்தது. பிறகு நின்றே போனது. அவளாகக் கேட்டால், "மார்க்கெட் டல்லுக்கா. இப்பல்லாம் யாரு கிட்டார் கேக்கறா?" என்பான்.

லேபில் ரேடியோ எப்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் மதியம் அவள் ஒரு பெரியவரின் மேல்வரிசைப் பற்களுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். தரை துடைக்கும் திரவத்துக்கு ஒரு விளம்பரம் வந்தது. ஒரு பெண் சிரித்துக்கொண்டே வீடு பளபளக்கிறது என்று பாடினாள். அவளுக்குப் பின்னால் கிட்டார். தடித்த கம்பியில் கரகரவென்று ஒரு இழுப்பு.

அவள் பாலிஷ் மோட்டாரை நிறுத்தினாள். விளம்பரம் முடிந்துவிட்டது. அடுத்த விளம்பர இடைவேளை வரைக்கும் பல்லைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மறுபடியும் அதே விளம்பரம் வந்தது. அந்தக் கரகரப்பு அவளுடையதுதான். அக்ரிலிக் பூசிய அந்தக் கிழிசலின் குரல்தான். ஆனால் வாசித்தது அவள் இல்லை. கம்பியை இழுத்தவனுக்கு இழுக்கத் தெரியவில்லை. சுருதிக்கு வந்து சேருவதற்கு முன்பே கைவிட்டுவிட்டான். அவள் கிட்டாரை எடுத்து அப்படி அரைகுறையாக இழுத்துப் பழகிய ஒரே ஆளை, அவன் பிறந்ததிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

"உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார் முதலாளி. பிறகு காதைப் பார்த்துவிட்டு, "போறதுன்னா போயிட்டு வாங்க" என்றார்.

பிளாஸ்டர் தூசி படிந்த ஏப்ரனோடு சின்னவன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். டயர்க் கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் மாடி ஏறிவிட்டாள். சின்னவன் ஒரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தான்.

"தரை நல்லா பளபளன்னு இருக்கா?" என்றாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. ஒளிக்கவும் முயலவில்லை. திரையைத் திருப்பி அவளுக்குக் காட்டினான். அதில் ஆம்பின் படம் இருந்தது. அவளுடைய பெட்டிதான். முன்துணியில் தேநீர் சிந்திய கறைகூட அப்படியே இருந்தது. குமிழ்களை மவுஸால் திருப்பலாம்.

"இதுக்குன்னே சாஃப்ட்வேர் இருக்குக்கா. ஆம்புக்குள்ள ஒரு சத்தத்தை அனுப்பணும். மெல்லிசுலேருந்து பலமா, கீழேருந்து மேல வரைக்கும். உள்ள என்ன போச்சு, வெளிய என்ன வந்துச்சுன்னு ரெண்டையும் வெச்சுப் பாத்துக் கத்துக்கும். அப்புறம் ஆம்ப் வேண்டாம். ஒயரை நேரா கம்ப்யூட்டர்ல சொருகி வாசிச்சாப் போதும்."

"அப்புறம் அக்காவும் வேண்டாம்."

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லல, செஞ்ச. வெளியூர் ஆளுன்னு பொய் சொல்லி எடுத்துட்டு வந்த. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

அவள் படத்துக்குக் கீழே பார்த்தாள். அங்கே 'அக்கா' என்று எழுதியிருந்தது.

"இது என்ன?"

"பேரு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வெக்கணும். நல்ல பேரா இருக்கட்டும்னு வெச்சேன். வலைத்தளத்துல போட்டிருக்கேன், எங்கெங்கேருந்தோ வாங்கறாங்க."

"என் பேரை வெச்சு விக்கறியா? என்னையே விக்கறியா?"

"சத்தத்துக்கு நீ பத்திரம் வெச்சிருக்கியாக்கா?" சின்னவனுக்கும் இப்போது சூடேறிவிட்டது. "அந்தப் பெட்டியைப் படில இறக்கறப்ப பின்பக்கம் தாங்கினது யாரு? என் கால் நகமே பேந்து போச்சு. ஒரு நாளாவது, இது நம்ம ரெண்டு பேருதுன்னு சொல்லியிருக்கியா? ஊர் பூரா உன் ஆம்ப், உன் ஆம்ப். அதுவும் போகட்டும். நீ நாள் முழுக்க என்ன பண்ற? பொய்ப்பல்லுதானே பண்ற? நீ பண்ணா கைவேலை, நான் பண்ணா திருட்டா?"

"பல்லு போனவனுக்குத்தான்டா நான் பல்லு கட்டறேன். பல்லோட தூங்கறவன் வாயில கையை விட்டு அச்செடுக்கல."

அவள் விடவில்லை. "அழி" என்றாள். அவன் அவள் கண்ணெதிரிலேயே அழித்தான். படம் போய்விட்டது. அவன் முகத்தில் ஒரு இளிப்பு. "திருப்தியா? இதோட காப்பி ஊரெல்லாம் கெடக்கு. எத்தனை வீட்டுக்குப் போய் அழிப்ப?"

அவள் அந்த அறையில் கிடந்த தன் சாமான்களைப் பொறுக்கினாள். ஒரு ஒயர், ஒரு மடக்கு ஸ்டூல், பழைய சால்வை. வாசலில் திரும்பி நின்று, "கம்பியை இழுக்கவாவது கத்துக்க. என் பேரைக் கெடுக்காத" என்றாள். அதோடு பேச்சு நின்றது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு தெரு. எதிரே வந்தால் இருவரில் ஒருவர் சடாரென்று கடைக்குள் நுழைந்துவிடுவார்கள். ஒருமுறை அப்படி நுழைந்த கடை சலூன். வேறு வழியில்லாமல் சின்னவன் முடி வெட்டிக்கொண்டு வந்தான்.

அடுத்த சில நாட்கள் அவள் சோறு தண்ணி சரியாக இறங்காமல் கிடந்தாள். எப்படி அவனை முறியடிப்பது என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப் கத்தியை எடுத்துக்கொண்டு ஆம்பின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். திருகாணிகளைக் கழற்றி ஸ்பீக்கரை வெளியே எடுத்தாள்.

கணவர் கதவோரம் வந்து நின்றார். "என்ன பண்ற?"

"அவன் கையில இருக்கறதைப் பொய்யாக்கப் போறேன். இந்தப் பெட்டியோட குரலையே மாத்திட்டா, அவன் வெச்சிருக்கறது எதோட காப்பி? ஒண்ணுத்தோட காப்பியும் இல்ல."

"பெட்டி நம்மளுதுதானே?"

"அதனாலதான்."

டிரைவிங் ஸ்கூல் காரில் என்றால் இந்த இடத்தில் பிரேக் மிதித்திருப்பார். வீட்டில் அவருக்கு அந்த வசதி இல்லை.

அவள் அந்த இளஞ்சிவப்புத் தோலைச் சுரண்டினாள். அது விடாப்பிடியாக ஒட்டியிருந்தது. ஆத்திரத்தில் அழுத்தியதில் கூம்பே கிழிந்து கையோடு வந்தது. குப்பைக் கூடையில் போட்டாள். கடையில் புது ஸ்பீக்கர் வாங்கிப் பொருத்தினாள். வால்வுகள் கனன்றன. தடித்த கம்பியைத் தட்டினாள். சத்தம் சுத்தமாக, கணீரென்று வந்தது. எந்தக் கடையில், எந்தப் பெட்டியில் கேட்டாலும் வரும் சத்தம்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் கணவர்.

"நல்லா இருக்குல்ல?" என்றாள் அவளும். சில நாள் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தாள். பிறகு ஆம்ப் இருந்த அறைக்குப் போவதைக் குறைத்தாள். பிறகு யாருக்கும் தெரியாமல் லேபிலிருந்து அக்ரிலிக் கொண்டுவந்து புது ஸ்பீக்கரைக் கீறி ஒட்டிப் பார்த்தாள். அது தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கினது போல் வந்தது. போனது போனதுதான். போக வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் திட்டும்போது மட்டும் சின்னவன் பெயரைத்தான் சொல்லித் திட்டினாள்.

அப்போதுதான் பாட்டுக்காரத் தோழி ஊர் திரும்பினாள். கணவனை விட்டுவிட்டு, பெட்டியும் படுக்கையுமாக வந்திருந்தாள். வந்த வேகத்தில் ஒரு பாட்டும் எழுதியிருந்தாள். விட்டு வந்த கணவனை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வறுத்தெடுக்கிற பாட்டு.

"இதுக்கு நீதான் வாசிக்கணும். அந்தத் தொண்டை கட்டின சத்தத்துல" என்றாள்.

பல்செட்டு அக்கா சுவிட்சைப் போட்டாள். வால்வு சூடாகக் காத்திருந்தாள். வாசித்தாள். தோழி கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இது யாருடி?"

"யாருன்னா? அதே ஆம்ப்தான்."

"அது எங்க போச்சு? இது எதிர் வீட்டுப் பையன் பொறந்தநாளுக்கு வாங்கினது மாதிரி இருக்கு."

சொல்ல வேண்டியதாகிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னாள், கத்தி எடுத்தது உட்பட. தோழி வாய் பொத்திச் சிரித்தாள். அவள் காது சிவக்கச் சிவக்கத் தோழிக்குச் சிரிப்பு அதிகமானது. "அப்ப இப்ப உலகத்துல அந்தச் சத்தம் உன் தம்பிகிட்டதான் இருக்கு. போய்க் கேளு."

"செத்தாலும் கேக்க மாட்டேன்."

"சரி, கேக்காத. கடையில விக்கறான்ல, வாங்கு."

அந்த யோசனை அவளுக்குப் பாவக்காய்போல் கசந்தது. இருந்தாலும் தோழி போன பிறகு கணவரின் பெயரில், கணவரின் கார்டில், அந்த வலைத்தளத்தைத் திறந்தாள். தேநீர்க் கறையோடு பெட்டியின் படம். மேலே 'அக்கா'. கீழே, 'பழைய வால்வு ஆம்ப், தொண்டை கட்டின குரல், கோபக்காரி, ஜாக்கிரதையாகக் கையாளவும்' என்று எழுதியிருந்தான். முகம் தெரியாத யார் யாரோ புகழ்ந்து எழுதியிருந்தார்கள். வாங்கினாள். தன் சத்தத்தைத் தானே காசு கொடுத்து வாங்குகிற பைத்தியக்காரி தன்னைத் தவிர வேறு யாராவது உண்டா என்று கணவரிடம் கேட்டாள். அவர் கார்டைத் திருப்பி வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

கிட்டாரிலிருந்து, சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றும் ஒரு சின்னப் பெட்டிக்கு ஒயர், அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர், காதில் ஹெட்போன். முதலில் தட்டியபோது, தட்டிய கை ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற ஆள் மாதிரி பின்னாலேயே தாமதமாக வந்தது. அசட்டுத்தனம் என்று திட்டினாள். அதைச் சரிசெய்ய சாஃப்ட்வேரில் ஏதாவது ஒரு இடம் இருக்கும் என்று தேடினாள். லேப் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிய அனுபவம் கைகொடுத்தது. தாமதத்தைக் குறைக்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் குறைத்தாள். மறுபடி தட்டினாள்.

அந்தக் குரல் அப்படியே வந்தது.

குறை கண்டுபிடிப்பதற்காகவே அவள் உட்கார்ந்தாள். மெதுவாகத் தடவினால் மெதுவாக முனகியது. ஓங்கி அடித்தால் தொண்டை கட்டிக் கத்தியது. கிட்டாரின் ஒலியளவைக் குறைத்தால் கரகரப்பு விலகித் தெளிந்தது, கூட்டினால் மறுபடி கட்டியது. வாசிக்காமல் விட்டால் பின்னணியில் அந்தப் பழைய 'ம்ம்ம்' என்ற இரைச்சல்கூட இருந்தது. வால்வும் இல்லை, சூடும் இல்லை, வாசனையும் இல்லை. ஆனால் சத்தத்தில் ஒரு நொட்டை சொல்ல முடியவில்லை. சின்னவன் கையில் தரை துடைத்த அதே காப்பி, அவள் கையில் வாயைத் திறந்து பேசியது.

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தாள். அவன் மோசமாகச் செய்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். நன்றாகச் செய்திருக்கிறானே என்பதற்காக அவன் மேல் இன்னொரு கோபம் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பக்கமாகப் போன கணவருக்குக் கேட்டதெல்லாம் வெறும் கம்பியின் டிக் டிக் சத்தம்தான். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமே இல்லாத ஒன்றை வாசிப்பதைப் பார்த்து, டாக்டரிடம் காட்டலாமா என்றுகூட யோசித்தார்.

அந்தப் பாட்டுக்கு அப்படித்தான் வாசித்துக் கொடுத்தாள். வாசித்து முடித்த கையோடு வலைத்தளத்துக்குப் போய், வாங்கியவர்கள் கருத்துச் சொல்லும் இடத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு இரண்டு வரி எழுதினாள்: 'அசல் இதைவிட நல்லா இருந்தது. விற்கிறவருக்கு வாசிக்கத் தெரியாது.'

பாட்டு நாலு பேர் காதுக்குப் போனது. புருஷனைத் திட்டும் பாட்டு என்பதால் அது தானாகவே பரவியது. சின்னவன் காதுக்கும் வந்து சேர்ந்தது. அவன் ஒரு மாலை படியேறி வந்தான். அவள் கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. அவனும் உள்ளே வர எத்தனிக்கவில்லை. படிக்கட்டிலேயே நின்று பேசினார்கள்.

"காசு குடுத்தா வாங்கின? கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே."

"உன்கிட்ட நான் கேக்கணுமா? என்னுதை?"

"மாமா பேர்ல வாங்கியிருக்க. அப்ப அந்த ஒத்தை நட்சத்திரம் போட்டது நீதானா?"

"அரை நட்சத்திரம் போட வசதி இல்ல. அதான் ஒண்ணு போட்டேன்."

"அதைப் பாத்துட்டு வாங்கறவங்க தயங்கறாங்க தெரியுமா? என் பொழப்புல மண்ணைப் போடற."

"நீ போட்டதைத்தான் திருப்பிப் போட்டேன்."

சின்னவன் கைப்பிடிச் சுவரைத் தட்டிக்கொண்டு நின்றான். கோபமாகப் பேச வந்தவன் வேறு ஏதோ சொல்லத் தேடுவது போல் இருந்தது. "நீ வாசிச்சதை அந்த வலைத்தளத்துல போட்டுக்கட்டுமா? கேக்கறவங்களுக்கு அது என்னன்னு புரியும். நான் வாசிச்சது எடுபடல."

"இப்ப மட்டும் கேக்கத் தெரியுதா?"

"கேக்கறேன்ல."

"மாட்டேன். என் பேரையும் அதுலேருந்து எடு. எவனெவனோ அக்கா அக்கான்னு கூப்பிட எனக்கு என்ன தலையெழுத்தா?"

அவன் இறங்கிப் போனான். அடுத்த நாள் அவள் பார்த்தபோது, படம் அப்படியே இருந்தது. பெயர் மட்டும் மாறியிருந்தது. 'பழசு' என்று போட்டிருந்தான்.

"என் பேரை எடுத்துட்டான்" என்றாள் கணவரிடம்.

"நீதானே எடுக்கச் சொன்னே?"

"நான் சொன்னா உடனே எடுத்துடுவானா? இத்தனை வருஷத்துல நான் சொன்னதுல எதைக் கேட்டிருக்கான்? இதை மட்டும் கேக்கணுமா?"

அன்று இரண்டு வேளை சமையலில் உப்பில்லை. கணவர் ஊறுகாயை இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

பாட்டுக்காரிக்கு அடுத்த பாட்டுக்குக் குரல் பதிவு செய்ய நல்ல அறை தேவைப்பட்டது. ஊரில் பஞ்சு ஒட்டிய அறை சின்னவனிடம்தான் இருந்தது. கிட்டாரும் பாட்டும் ஒரே நேரத்தில் பதிவாக வேண்டும், இல்லாவிட்டால் உயிர் இருக்காது என்று ஒற்றைக்காலில் நின்றாள். அக்கா, தம்பி இரண்டு பேரும் முடியாது என்றார்கள். "சரி, வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றாள். இரண்டு பேருக்கும் அது பிடிக்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் முற்பகலில் பல்செட்டு அக்கா மறுபடியும் டயர்க் கடை மாடியேறினாள். தோளில் கிட்டார், பையில் கம்ப்யூட்டர், அவ்வளவுதான். வேன் வரவில்லை, யாரும் எதையும் தூக்கவில்லை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சின்னவன், இந்தப் பக்கம் அவள், நடுவில் மைக்கின் முன் பாட்டுக்காரி.

"அவங்க சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கு, பாக்கச் சொல்லுங்க" என்றான் சின்னவன், பாட்டுக்காரியிடம்.

"அவர் காதை மொதல்ல சுத்தம் பண்ணச் சொல்லு" என்றாள் அவள், பாட்டுக்காரியிடம். சொல்லிவிட்டுச் சுருதியைச் சரிசெய்தாள். இறங்கித்தான் இருந்தது.

"அவங்களுக்கு ஹெட்போன்ல சத்தம் போதுமான்னு கேளுங்க."

"என் குரல் எனக்குக் கேக்குது. அவர் குரல்தான் அதிகமாக் கேக்குது. அதைக் குறைக்கச் சொல்லு."

"ரெண்டு பேரும் என் வாயாலயே பேசுவீங்கன்னா, அதுக்குத் தனியாக் கூலி குடுங்க" என்றாள் பாட்டுக்காரி. "ஆரம்பிக்கலாமா?"

ஆரம்பித்தார்கள். இந்தப் பாட்டு மாமியாரைப் பற்றியது, முந்தையதைவிடக் காரம். பாட்டுக்காரி முதல் வரியைக் கடித்துத் துப்பினாள். பல்செட்டு அக்கா தடித்த கம்பியைப் பிடித்து இழுத்து, சுருதி வந்து சேரும்வரை விடாமல் நிறுத்தினாள். அந்தக் கரகரப்பு மூவர் காதிலும் ஒரே சமயத்தில் இறங்கியது. நடுவில் யாரும் நிறுத்தவில்லை. யாரும் தவறவுமில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னவன் மெல்லத் தலையாட்டினான். நன்றாக வந்துவிட்டது என்பதற்கு அவன் எப்போதும் ஆட்டும் ஆட்டம். அதை அவள் பார்த்துவிட்டாள்.

"இன்னொரு தடவை" என்றாள்.

"எதுக்குடி? இதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள் பாட்டுக்காரி.

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவை வாசித்தார்கள். அது முதலாவதன் பக்கத்தில்கூட நிற்கவில்லை. அது மூன்று பேருக்கும் தெரிந்தது.

"ரெண்டாவதையே வெச்சுக்கச் சொல்லு" என்றாள் அவள்.

பாட்டுக்காரி ஹெட்போனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். "முதலாவதை வெச்சுக்குங்க" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சாப்பிடப் போனாள்.

பல்செட்டு அக்கா ஒயர்களைச் சுருட்டினாள். சின்னவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது, மாடி ஜன்னல் வழியாக முதலாவதுதான் ஓடிக்கொண்டிருந்தது. டயர்க் கடைக்காரர் கையில் இருந்த ஸ்பேனரை ஆட்டாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாசிச்சது நீங்களாம்மா?" என்று கேட்டார்.

"ஆமா. சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க அந்தாளை" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.